அறையும் அரங்கும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் வட்டத்தின் வரலாற்றைப் பேசுமாறு செயலாளர் முதலில் கேட்டார். வரலாற்றைப் பேசத் தகுதியுடையோர் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நான் சொற்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். எந்தச் சொற்கள் என்று கேட்டார். வீட்டிற்குள் இருக்கும் சொற்கள் என்றேன். முற்றம், அறை, கூடம், மாடம், இடைகழி, மண்டபம், அம்பலம், அரங்கு என வருகின்ற, சுவரும் கூரையும் வாயிலும் சூழ்ந்த இடங்களின் பெயர்கள் அவை. அகராதி இவற்றுள் பலவற்றிற்கு ஒன்றையே பொருளாகத் தந்துவிடும். ஆனால் கவிதையில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வீடே இடிந்து விழும். அப்படி ஒரு வீட்டை இடித்தவன் என்ற முறையில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். அந்தச் செய்தியை உரையின் இறுதியில் சொல்வேன்.

வீடு என்பதற்கு நம்மிடம் உள்ள பெயர்களிலிருந்தே தொடங்கலாம். இல், மனை, அகம், வீடு என்னும் நான்கையும் ஒரே கட்டடத்தின் பெயர்கள் என்று எண்ணுகிறோம். ஆனால் நான்கும் நான்கு பக்கத்திலிருந்து அக்கட்டடத்தைப் பார்க்கின்றன. மனை என்பது மன்னுதல், அதாவது நிலைத்தல் என்னும் கருத்தோடு சேர்ந்தது. வீடு என்பது விடு என்னும் அடியினது. வேலையையும் சுமையையும் விட்டு இளைப்பாறும் இடம் வீடு. பிறவியை விட்டு அடையும் பேறும் வீடு. நிலைப்பதும் விடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒருவன் தன் குடியிருப்பை மனை என்று சொல்லும்போது வேரைச் சொல்கிறான். வீடு என்று சொல்லும்போது ஓய்வைச் சொல்கிறான்.

அகம் என்பது உள்ளே இருப்பது. வீட்டிற்கும் அகம் என்று பெயர், நெஞ்சிற்கும் அகம் என்று பெயர். அந்தணர் பேச்சுவழக்கில் 'ஆத்துக்கு' என்று ஒலிப்பதும் 'அகத்துக்கு' என்பதன் திரிபே. நம் முன்னோர் காதலை அகம் என்றும் ஏனையவற்றைப் புறம் என்றும் பிரித்தபோது, கவிதைக்கே ஒரு சுவர் எழுப்பி ஒரு வாயிலும் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இல் என்பது இன்னும் வியப்புக்குரியது. அது இருப்பிடத்தின் பெயர், இல்லாளையும் குறிக்கும், 'இல்லை' என்னும் இன்மைப் பொருளிலும் அதே ஒலியுடைய சொல் உண்டு. ஏழாம் வேற்றுமையின் உருபுகளை அடுக்கிச் சொல்லும் நன்னூலார் உள், அகம், புறம், இல் ஆகியவற்றையும் அவ்வரிசையில் சேர்க்கிறார். நாம் 'மரத்தில்', 'மனத்தில்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வீட்டைச் சொல்லின் கடைசியில் கட்டுகிறோம் என்று ஒரு கவிஞர் கற்பனை செய்தால் அதை நான் குறை சொல்லமாட்டேன்.

இனி வாயிலுக்கு வருவோம். முன்றில் என்னும் சொல்லின் அழகு அதன் புணர்ச்சியில் இருக்கிறது. இல்லின் முன் என்பதே கருத்து. சொல் முன்பின்னாக மாறி நிற்கிறது. முன் என்பதை அடுத்து இல் வரும்போது இடையில் றகரம் தோன்றும் என்று தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் இதற்கென்றே விதி செய்திருக்கிறார். வீட்டின் முன் உள்ள வெறும் வெளிக்கு இலக்கண நூல் ஒரு தனி நூற்பாவை ஒதுக்கியது என்றால், அந்த வெளி வாழ்க்கையில் எவ்வளவு இடம் பெற்றிருந்தது என்பதை உணரலாம்.

முற்றம் என்னும் சொல்லையும் முன் என்னும் அடியோடு சேர்த்தே பொருள்கொள்வது வழக்கம். ஆனால் இந்தச் சொல் முன்னே நின்றுவிடவில்லை, நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தாரும் குமரிமாவட்டத்தாரும் முற்றம் என்றால் இன்றும் வீட்டின் முன்புறத்து வெளியையே எண்ணுகிறார்கள். மலையாளத்திலும் முற்றம் முன்புறமே. நாலுகெட்டு வீட்டின் நடுவில் வானம் திறந்த இடத்தைச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் 'நடுமுற்றம்' என்று ஒரு அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கோ அடைமொழி தேவையில்லை. முற்றம் என்றாலே வீட்டின் நடுவில் நான்கு தாழ்வாரங்களும் மழைநீரைக் கொட்டுகின்ற அந்தச் சதுரம்தான். முன்புறத்தைக் குறித்த ஒரு சொல் வீட்டின் நட்டநடுவே சென்று அமர்ந்துகொண்டது.

இதனால் கவிஞர்க்கு என்ன? பெரிய வேறுபாடு உண்டு. முற்றத்தில் நிலவு விழுந்தது என்று ஒருவர் எழுதுகிறார். யாழ்ப்பாணத்து வாசகர்க்கு அந்நிலவு ஊரோடு பகிர்ந்த நிலவு. படலைக்கு வெளியே போகின்றவனும் அதைக் காண்பான். தஞ்சாவூர் வாசகர்க்கு அந்நிலவு வீட்டார்க்கு மட்டும் உரிய நிலவு. கூரைக்கு மேலே சதுரமாக வெட்டி எடுத்த வானத்திலிருந்து இறங்கியது. முதல் நிலவில் பிள்ளைகள் விளையாடுவார்கள். இரண்டாம் நிலவில் புதுமணப்பெண் யாரும் பாராமல் அழலாம். நெடுநல்வாடையில் அரண்மனை முற்றம் வருகிறது. அங்கே மணல் கொணர்ந்து பரப்பியிருக்கிறார்கள். வானத்தை உள்ளே விட்ட பிறகு மண்ணையும் உள்ளே கொண்டுவந்தார்கள் போலும்.

அறைக்கும் கூடத்திற்கும் உள்ள உறவு வேறு வகையானது. அறை என்பதை அறு என்னும் வினையோடு இணைப்பார்கள். பெரிய இடத்திலிருந்து அறுத்துப் பிரித்த பகுதி அறை. கூடம் என்பதை வடமொழிக் 'கூட' என்னும் சொல்லோடு இணைப்பாரும் உளர். கூடு என்னும் தமிழ் வினையடியாகக் கொள்வாரும் உளர். வேர் எதுவாயினும், தமிழ்க் காது அதில் கூடுதலைத்தான் கேட்கிறது. பள்ளிக்கூடம் என்னும்போது பிள்ளைகள் கூடும் இடம் என்றே நாம் உணர்கிறோம். அறை பிரிக்கிறது, கூடம் கூட்டுகிறது. 'பள்ளியறை' என்று சொல்லிப் பாருங்கள். உறங்கும் இடம், இருவர்க்கு மட்டும் உரிய இடம். 'பள்ளிக்கூடம்' என்று சொல்லிப் பாருங்கள். ஊர்ப்பிள்ளைகள் அனைவர்க்கும் உரிய இடம். பள்ளி என்னும் முன்சொல் ஒன்றே. பின்னால் வந்த சொல் கதவைச் சாத்துகிறது அல்லது திறக்கிறது.

இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் கூடம் என்ற பெயர் வழங்கவில்லை, ஹால் என்கிறோம். பெயர் போனதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சொல் வரும், போகும். ஆனால் ஹாலில் கூடுவோர் யார் என்று பார்க்கிறேன். கூடம் என்ற பெயர் இருந்தவரை, அங்கு கூடாமல் இருப்பது ஒரு குறையாகத் தோன்றியது. ஹாலில் எவரும் கூடாவிட்டாலும் அது ஹாலாகவே இருக்கிறது.

சில சொற்கள் காலப்போக்கில் சுருங்கியிருக்கின்றன. மாடம் அத்தகையது. பழந்தமிழ் நகர வருணனைகளில் மாடம் என்பது மேனிலை ஓங்கிய பெருமாளிகை. மதுரைக்கே நான்மாடக்கூடல் என்று ஒரு பெயர். அந்த மாடம் இன்று எங்கே இருக்கிறது? சுவரில் அகல் வைக்கும் குழியாக இருக்கிறது. பின்கட்டில் துளசி மாடமாக இருக்கிறது. புறாக்களுக்குப் புறாமாடமாக இருக்கிறது. மாளிகை சுருங்கி ஒரு கை அகலக் குழியாயிற்று. ஆயினும் ஒளி அதைவிட்டு நீங்கவில்லை. பெருமாடத்தில் எரிந்த விளக்கு இந்தச் சிறு மாடத்திலும் எரிகிறது. விளக்கு மாடம் என்று எழுதும் கவிஞர் தம்மை அறியாமலே ஒரு நகரத்தின் நினைவையும் உடன் எழுதுகிறார்.

வேறு சில சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. கருவறை என்றால் இன்று நமக்குக் கோயிலின் மூலவர் இடம் நினைவுக்கு வரும். நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் உள்ளிடத்தைக் கருவை அடியாகக் கொண்ட பெயரால்தான் சுட்டுகிறது. கணவனைப் பிரிந்து அவள் துயில் கொள்ளாதிருந்த இடம் அது. கோயில் என்ற சொல்லும் அரசனுடைய இல்லத்திற்கும் வழங்கியதே. அரசன் இல்லமும் அரசியின் அறையும் தெய்வத்திற்குச் சென்றன. தாய் வயிறும் கருவறை, தெய்வம் உறையும் இருட்டறையும் கருவறை. சாளரமின்மை, ஒரே வாயில், உள்ளே செல்லச் செல்லக் குறுகும் இடம், கூடும் இருள் ஆகிய எல்லாம் அப்பெயர்க்கு ஒத்துவருகின்றன. கட்டடக்கலையைச் சொல்லே விளக்கிவிடுகிறது.

இங்கே வளைதலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஓர் இடத்தை உள்ளிடமாக்குவதற்கு நான்கு சுவர் வேண்டுமென்பதில்லை. ஒரு கோடு வளைந்தால் போதும். வளை என்பதிலிருந்து வளவு வருகிறது, வளாகம் வருகிறது. கோடுதல் என்றாலும் வளைதலே. அதிலிருந்து கோட்டம் வருகிறது. பிறப்பால் இவை உடன்பிறந்தவை. வாழ்க்கையோ ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசைக்கு அனுப்பியது.

செட்டிநாட்டில் வளவு என்பது முகப்பைத் தாண்டி உள்ளே, நடுவில் வானம் திறந்து, சுற்றிலும் மணமான பிள்ளைகளின் அறைகள் அமைந்த பகுதி. யாழ்ப்பாணத்தில் வளவு என்பது வீட்டைச் சுற்றி வேலியடைத்த நிலம். அதில் மாவும் பலாவும் பனையும் நிற்கும். கொங்குநாட்டில் வளவு என்பது சில வீடுகள் சேர்ந்த குடியிருப்பு. முதல் வளவு வீட்டிற்குள் இருக்கிறது. இரண்டாம் வளவிற்குள் வீடு இருக்கிறது. மூன்றாம் வளவிற்குள் பல வீடுகள் இருக்கின்றன. ஒரே சொல் ஊருக்கு ஊர் அகன்று செல்கிறது. கொங்குநாட்டு வழக்கில் சில வளவுகளுக்கு முன்னால் சாதியின் பெயரும் சேர்ந்து வந்தது. வளைத்துப் பாதுகாப்பதற்கும் வளைத்து ஒதுக்குவதற்கும் மொழி ஒரே சொல்லை வைத்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கோட்டத்தின் கதை இன்னும் பெரிது. சிலப்பதிகாரத்தில் கோட்டம் தெய்வங்களின் உறைவிடம். தொண்டை மண்டலத்தில் கோட்டம் நாட்டின் ஒரு பிரிவு. மணிமேகலையில் அது சிறையும் ஆகிறது, அறச்சாலையும் ஆகிறது. அந்நூலின் பத்தொன்பதாம் காதைக்குப் பெயரே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்பதாகும். மணிமேகலை மன்னனிடம் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. சிறையை அறம் செய்யும் இடமாக்கித் தருமாறு கேட்டாள். சாத்தனார் கோட்டம் என்ற சொல்லை அப்படியே நிறுத்திவைத்து, முன்னால் இருந்த சொல்லை மட்டும் மாற்றினார். அதே சுவர், அதே வளைவு. உள்ளே நடப்பது மாறினால் போதும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எவர் சொல்ல முடியும்? 1976ஆம் ஆண்டு சென்னையில் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டபோது இச்சொல் மீண்டும் மக்கள் நாவில் ஏறியது. பழைய சொல்லை அகராதியிலிருந்து எழுப்ப வேண்டுமானால் அதற்கு ஒரு கட்டடம் கட்ட வேண்டும் போலும்.

பொது இடங்களின் பெயர்களுக்கு வருகிறேன். மண்டபமும் அம்பலமும் ஒன்றல்ல. மண்டபத்தைத் தூண்களால் எண்ணுகிறோம். நாற்கால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம், ஆயிரங்கால் மண்டபம் என்பன நாம் அறிந்த பெயர்கள். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 என்று எண்ணிச் சொல்வார்கள். பெயரோ ஆயிரத்திற்குக் குறையச் சம்மதிப்பதில்லை. அறை சுவரால் ஆவது. மண்டபம் தூணால் ஆவது. சுவர் மறைக்கும், தூண் மறைப்பதுபோல் தோன்றி வழிவிடும். தூணுக்குப் பின்னால் நின்றவரை அடுத்த அடியில் காணலாம். நம் கதைகளில் எத்தனை காதலர்கள் இதனால் பயன் பெற்றிருக்கிறார்கள்!

அம்பலம் என்பதை எண்ணால் அளப்பதில்லை; அது பொதுமையால் ஆவது. ஒரு செய்தி எல்லார்க்கும் தெரிந்துவிட்டால் அம்பலமாயிற்று என்கிறோம். சிங்களத்தில் 'அம்பலம' என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். மலையாளத்தில் அம்பலம் என்றால் கோயில். நமக்கோ தில்லைச் சிற்றம்பலம், மதுரை வெள்ளியம்பலம் என இறைவன் ஆடும் இடங்கள் அம்பலங்கள். மிகப் பொதுவான இடத்தில்தான் ஆடல் நடக்கிறது. ஆயினும் அதே தில்லைச் சிற்றம்பலத்தில் ஒரு திரைக்குப் பின்னால் வெறுவெளியே இரகசியமாகப் போற்றப்படுகிறது. அம்பலத்திற்குள் ஓர் இரகசியம்! அந்த முரணைத் தாங்கும் வலிமை அச்சொல்லுக்கு இருந்தது.

ஆனால் நண்பர்களே, சொல் சொன்னதை ஊர் செய்ததா? அம்பலம் என்று பெயரிட்டு அழைத்த மண்ணில், திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் கோயில்களில் இந்துக்களில் எல்லாச் சாதியாரும் நுழையலாம் என்ற பிரகடனம் 1936ஆம் ஆண்டுதான் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் சென்றது 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள். அதுவரை அந்தத் தூண்களும் அந்த அம்பலமும் ஒரு பகுதியார்க்குச் சுவராகவே இருந்தன. பொது என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கவிதையில் எழுதும்போது, எவர்க்குப் பொது என்று நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த சிறிய இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் இடைகழி. வாயிலுக்கும் உள்வீட்டிற்கும் இடைப்பட்ட நடை. பேச்சில் அது டேழியாகி, ரேழியாகி, தன் பிறப்பையே மறந்துவிட்டது. இடைகழி எவரும் தங்குவதற்கு அமைத்த இடமன்று. கடப்பதற்கு அமைத்த இடம். திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் முதலாழ்வார் மூவர் சந்தித்தது அத்தகைய ஓர் இடைகழியில்தான் என்று வைணவ மரபு கூறும். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே அங்கு இடம். மூவரும் நின்றபோது நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். அந்த நெருக்கத்திலிருந்து மூன்று அந்தாதிகள் பிறந்தன.

அந்தச் சந்திப்பை ஒரு மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். நெருக்கம் இல்லை, ஆகவே கதையே இல்லை. அறையில் வைத்துப் பாருங்கள். அறைக்கு உரியவர் ஒருவர் இருப்பார், மற்ற இருவரும் விருந்தினராவர். திண்ணையில் வைத்தால் மழைச்சாரல் அடிக்கும். தெருவில் போவோர் வருவோர் பேச்சுக்கொடுப்பர். எவர்க்கும் உரிமையற்ற, எவரும் தங்காத, மிகக் குறுகிய இடைகழியில்தான் அது நடக்க முடியும். இடம் கதைக்குப் பின்னணி என்று சொல்லுகிறோம். இல்லை, இடத்தின் பெயரே சில வேளைகளில் கதை.

இனி, தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருகிறேன்.

வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. நம் இதழுக்கு வரும் கவிதைகளைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்நகருக்கு வந்திருந்த ஓர் இளைஞர் ஒரு கவிதை தந்தார். அவருடைய பாட்டியைப் பற்றியது. பாட்டி தம் வாழ்நாள் முழுவதையும் அரங்கில் கழித்தார் என்பது கவிதையின் கருத்து. எனக்கு விளங்கவில்லை. நாடகமாடிய பெண்மணியா என்று பார்த்தால், கவிதையில் நெற்குதிரும் பித்தளைப் பாத்திரங்களும் வருகின்றன. பையன் சொல் தெரியாமல் எழுதிவிட்டான் என்று முடிவு செய்து, அரங்கு என்ற இடமெல்லாம் அறை என்று மாற்றினேன். அவரைக் கேட்கவில்லை. கவிதை அச்சாயிற்று.

ஒரு வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் இருந்தது ஒரே வரி. 'ஐயா, அறை வேறு, அரங்கு வேறு.' கீழே கையொப்பம். நான் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டேன். விடை எழுதவில்லை. அந்த இளைஞர் அதற்குப் பிறகு நம் கூட்டங்களுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நம்மில் சிலர் கேட்டபோது, வேலை மிகுதியாக இருக்கும் என்று நானே சொன்னேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு துக்கத்திற்காகத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊருக்குச் சென்றிருந்தேன். பழைய வீடு. வந்தவர்க்குத் தண்ணீர் கொடுக்கச் செம்பு வேண்டியிருந்தது. வீட்டு மூதாட்டி ஒரு சிறுமியைப் பார்த்து, "அரங்குல இருக்கு, எடுத்துட்டு வாட்டி" என்றார். நான் திடுக்கிட்டேன். சிறுமியின் பின்னே சென்று வாயிலில் நின்று பார்த்தேன். வீட்டின் உட்புறத்தில், சாளரம் இல்லாத, ஒரே கதவுடைய இருட்டறை. ஒரு பக்கம் நெற்குதிர். ஒரு பக்கம் மரப்பெட்டி. அடுக்கிவைத்த பித்தளைப் பாத்திரங்கள். வீட்டின் செல்வமெல்லாம் பூட்டிவைக்கும் உள்வீட்டிற்கு அந்த நாட்டில் அரங்கு என்று பெயர். அரங்குவீடு என்றும் சொல்வார்கள்.

ஊர் திரும்பியதும் அகராதியை எடுத்தேன். முன்பே எடுத்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் எத்தனை இடங்கள் இருந்தன! திருக்குறளில், கல்லாமை அதிகாரத்தில், அரங்கு என்பது வட்டாடுவதற்கு வகுத்த கட்டம். அதை வகுக்காமல் காய் உருட்டுவதை நூலறிவின்றி அவையில் பேசுவதற்கு உவமையாக்குகிறார் வள்ளுவர். ஆற்றின் நடுவே நீர் சூழ்ந்த நிலமும் அரங்கம். திருவரங்கம் அப்படிப் பெயர் பெற்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அது மாதவி ஆடிய மேடை. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேலே உத்தரப் பலகை வரை நான்கு கோல். புகவும் போகவும் இரண்டு வாயில்கள் என்று அளந்தே சொல்லியிருக்கிறார் இளங்கோவடிகள். மேடை, ஆட்டக் கட்டம், ஆற்றிடைக்குறை, உள்வீடு என்னும் இவை அனைத்திற்கும் பொது எது? சுற்றியுள்ளவற்றிலிருந்து எல்லை வகுத்துத் தனியாக்கிய இடம் என்பதே. எல்லாரும் பார்க்கும்படி தனியாக்கினால் ஆடரங்கு. எவரும் பாராதபடி தனியாக்கினால் அரங்குவீடு.

அப்போதுதான் அந்தக் கவிதை எனக்கு விளங்கிற்று. அந்த இளைஞர் சொல் தெரியாமல் எழுதவில்லை. நன்றாகத் தெரிந்தே எழுதியிருந்தார். ஒருநாளும் மேடை ஏறாத பாட்டி வாழ்நாள் முழுவதும் அரங்கில் இருந்தார். மாதவியின் அரங்கிற்கு வாயில் இரண்டு; பாட்டியின் அரங்கிற்கு வாயில் ஒன்று. கவிதையின் உயிர் முழுவதும் அந்த ஒரு சொல்லின் இரண்டு பொருள்களுக்கு இடையே துடித்துக்கொண்டிருந்தது. நான் அறை என்று எழுதி அந்த உயிரை நிறுத்திவிட்டேன். அறையில் இருந்தார் பாட்டி என்றால் அது ஒரு செய்தி. அரங்கில் இருந்தார் என்றால் அது ஒரு வழக்கு. நம் எல்லார் மீதும் தொடுத்த வழக்கு.

நான் கற்றவன் என்ற நினைவே என்னைத் தவறச் செய்தது. பட்டப்படிப்பில் சிலப்பதிகார அரங்கின் அளவுகளை மனப்பாடம் செய்திருந்தேன். ஆகவே அரங்கு என்றால் அதுதான் என்று நம்பினேன். என் வீட்டிற்கு முந்நூறு கல் தெற்கே ஒரு சிறுமி செம்பு எடுக்க அன்றாடம் நுழைகின்ற அரங்கை அறியாதிருந்தேன். வள்ளுவர் சொன்ன உவமை எவர்க்குப் பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய முகவரியைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினேன். ஐந்து ஆண்டுத் தாமதத்திற்குப் பிறகு எழுதும் மன்னிப்புக் கடிதம் எவ்வாறு இருக்குமோ அவ்வாறு இருந்தது. அவர் பெருந்தன்மையோடு விடை எழுதினார். பாட்டி காலமாகிவிட்டதையும், பங்கு பிரித்தபோது வீட்டை இடித்து அரங்கு இருந்த இடத்தில் ஒரு கடை எழுந்துவிட்டதையும் தெரிவித்திருந்தார். 'இப்போது அரங்கு என் கவிதையில் மட்டும்தான் இருக்கிறது, ஐயா. அதிலும் இல்லை' என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பல நாள் என்னால் கடக்க முடியவில்லை.

ஆகவே இந்த விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: இன்று வெளியாகும் விழா மலரில் அக்கவிதையை, அவர் இசைவு பெற்று, அவர் எழுதியவாறே மீண்டும் அச்சிட வேண்டும். மலர்க்குழு இசைந்திருக்கிறது. அவரும் இசைந்திருக்கிறார்.

இரண்டாவது: இனி இந்த வட்டத்தில் எவர் கவிதையையும் திருத்துவதற்கு முன்னால் எழுதியவரைக் கேட்க வேண்டும். ஒரு சொல் நமக்குத் தெரியவில்லை என்றால் அது தவறு என்று பொருளன்று. அது நாம் இன்னும் நுழையாத ஓர் அறை என்று பொருள். கதவைத் தட்ட வேண்டும், உடைக்கக்கூடாது.

மூன்றாவது: இங்கே எத்தனையோ ஊர்க்காரர்கள் கூடியிருக்கிறோம். தொட்டிக்கட்டு வீட்டில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். நாற்சார் வீட்டை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒற்றைக் குடிசையில் அடுப்படி ஒரு மூலை, ஆட்டுக்குட்டி ஒரு மூலை என்று வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தாம் பிறந்த வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கீறி, ஒவ்வோர் இடத்திற்கும் தம் வீட்டார் வழங்கிய பெயரைக் குறித்துத் தர வேண்டும். அங்கே எவர் இருந்தார், எவர் நுழையக்கூடாது என்பதையும் குறிக்க வேண்டும். அகராதி அறிஞர்களின் பணி பெரிது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழக அகராதி இல்லையேல் நாம் இருட்டில் இருப்போம். ஆயினும் அகராதி அரங்கு என்பதற்கு உள்வீடு என்று பொருள் சொல்லும். அங்கே எவர் வாழ்நாளைக் கழித்தார் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் கவிஞர்.

வீடுகள் இடிந்துகொண்டிருக்கின்றன. அதைத் தடுக்கும் வலிமை நமக்கு இல்லை. தடுக்க வேண்டியதும் இல்லை. சாளரம் இல்லாத அரங்குகள் போவதே நன்று. அங்கே அடைபட்டிருந்த பெண்களின் பெயர்த்திகள் இன்று இந்த மேடையில் கவிதை படிக்கிறார்கள். அறை போகட்டும். அந்த அறையின் பெயர் போய்விட்டால், பாட்டி எங்கே இருந்தார் என்று பெயர்த்தி கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இராது.

 அந்த அஞ்சலட்டை இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. இன்று மாலை அதற்கு உரியவர் பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரை இந்த அரங்கிற்கு வருமாறு அழைத்து, என் உரையை நிறைவு செய்கிறேன்.

வணக்கம்.